கையில் இருக்கும் நாவல்: எங்கே பிடித்தது, எங்கே இழுத்தது?

‘அருமையான நாவல், கட்டாயம் வாசியுங்கள்’ என்று யாராவது சொன்னால் அதை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது. எல்லா நாவலையும் யாரோ ஒருவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆகவே ஒரு வேண்டுகோள். இப்போது வாசிக்கும் நாவலின் பெயரைச் சொல்லும்போது, அது எந்த இடத்தில் உங்களைப் பிடித்துக்கொண்டது, எங்கே இழுத்தடித்தது, யாருக்கு ஒத்துவராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவை மட்டும் போட்டு உடைக்க வேண்டாம்.

நானே தொடங்கிவிடுகிறேன். சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. கதை ஒரு வரிதான். வெளியே போய்ச் சம்பாதித்துத் திரும்பும் சிதம்பரம் ஒரு வனத்தை வாங்கி, அதை அழித்து, கரும்பாலை கட்ட நினைக்கிறான். நாவலின் பெரும்பகுதி அந்த அழிப்பு வேலைதான். கொடியை அறுப்பது, உள்ளே போக வழி திறப்பது, மரத்தைச் சாய்ப்பது, கடைசியில் தீ. ஆசிரியர் ஓரிடத்திலும் ‘ஐயோ, காடு போச்சே’ என்று புலம்புவதில்லை. வேலை நடப்பதை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார். சிதம்பரம் படும் பாட்டைப் பார்த்து நாமும் அவன் பக்கம் சாய்ந்து, சீக்கிரம் முடியட்டும் என்று நினைக்கத் தொடங்கிவிடுவோம். தீ பரவும் பக்கங்கள் வரும்போதுதான் இத்தனை நேரம் யார் பக்கம் நின்றோம் என்று உறைக்கும். என்னைப் பிடித்த இடம் அது.

சம்பவம் மேல் சம்பவம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது.

*

அந்தச் ‘சம்பவம் வேண்டும்’ கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சாயாவனம்’ நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆலை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேர் நேருக்கு நேர் மோதுவார்கள் என்று காத்திருந்தே பாதிப் புத்தகம் போய்விட்டது. அப்படி ஒரு மோதல் பெரிதாக வெடிக்காமல் இருப்பதுதான் அதன் பலம் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, இருக்கட்டும். எனக்கு அது பசியைத் தீர்க்கவில்லை.

*

நான் மருத்துவத் துறையில் இருப்பவள். தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ நாவலைப் பலரும் எனக்குச் சிபாரிசு செய்ததற்குக் காரணம் என் வேலை. அதே காரணத்தால்தான் நானும் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். பகலெல்லாம் பார்ப்பதை ராத்திரியும் உட்கார்ந்து வாசிப்பானேன்? அதுவும் போக, நாட்டு வைத்தியம் உயர்ந்தது, ஆங்கில வைத்தியம் மோசம் என்று பாடம் எடுக்கும் கதையாக இருக்கும் என்று ஒரு சந்தேகம்.

அது அப்படிப்பட்ட நாவல் இல்லை. 1953இல் வங்க மொழியில் வந்தது. தமிழில் த.நா. குமாரஸ்வாமி செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஜீவன் மசாய் என்ற முதிய வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தே மரணம் எப்போது வரும் என்று கணிப்பார், அதை வீட்டாரிடம் சொல்லியும் விடுவார். பிரத்யோத் என்ற இளம் டாக்டருக்கு இது கொடுமையாகத் தெரிகிறது. உயிரோடு இருக்கும் மனிதருக்கு நாள் குறிக்க நீ யார் என்று கோபப்படுகிறான். வாசிக்கும்போது நான் யார் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு பேரிடமும் கொஞ்சம் அகங்காரமும் இருக்கிறது.

‘பொழச்சுக்குவாரா டாக்டர்?’ என்று கேட்பவர்களிடம் நாங்கள் ‘பார்க்கலாம்மா’ என்று சொல்லிவிட்டுக் கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம். அந்தப் ‘பார்க்கலாம்மா’வில் நம்பிக்கை பாதி, நழுவல் பாதி. அந்த நழுவலுக்கு மசாய் தனக்கே இடம் கொடுப்பதில்லை. தன் மகனின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற இடம் ஒன்று வருகிறது. விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தகப்பனுக்கும் வைத்தியருக்கும் நடுவில் அந்த மனிதர் நிற்பதைப் படித்துவிட்டு அன்றைக்கு அதற்கு மேல் பக்கத்தைத் திருப்பவில்லை.

இழுக்கும் இடமும் உண்டு. பழைய நினைவுகளுக்குள் போய்ப் போய் வருவதால் நடுப்பகுதியில் யார் எந்தக் காலத்தவர் என்று குழம்பும். வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் படுத்திருக்கும் சமயத்தில் மட்டும் இதை எடுக்காதீர்கள். எல்லாம் ஒருவழியாகச் சரியான பிறகு வாசியுங்கள்.

*

மசாய் பற்றி எழுதியவருக்கு நன்றி. ‘சமயம் பார்த்து எடுக்க வேண்டும்’ என்றதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு இன்னொன்று: ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கதைகளை எந்த வரிசையில் வாசிக்கிறோம் என்பதும் முக்கியம்.

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எங்கள் வீட்டில் ஒரு சண்டையையே மூட்டியது. அக்கா ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை மட்டும் வாசித்தவள். நான் நாவலை மட்டும் வாசித்தவன்.

“அம்மா அவ தலையில தண்ணிய ஊத்தி, நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லிட்டா. அத்தோட கதை முடிஞ்சுது. அப்புறம் எங்கேருந்துடா வந்தா கங்கா?” என்றாள் அக்கா.

“எந்த அம்மா? கங்காவோட அம்மாதான் அலறி ஊரைக் கூட்டிட்டாளே?” என்றேன் நான்.

கொஞ்ச நேரம் இருவரும் வேறு வேறு கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விஷயம் இதுதான். சிறுகதையில் மழை நாளில் காரில் ஏறிய பெண் வீடு திரும்பியதும், தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி எல்லாவற்றையும் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். அதற்கு அப்போது பலத்த எதிர்ப்பு வந்தது. பிறகு ஜெயகாந்தன், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து நாவலாக எழுதினார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்தது அதுதான். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர் இருக்கிறார். அந்தச் சிறுகதையை எழுதியவர் அவர்தான். நாவலின் நாயகி கங்கா அதைப் பத்திரிகையில் வாசிக்கிறாள். தனக்குக் கிடைக்காத தாயைக் கதையில் பார்க்கிறாள்.

ஆகவே முதலில் சிறுகதை, பிறகு நாவல். மாற்றி வாசித்தால் அந்த இடத்தின் கனம் பாதிதான் தெரியும். கங்காவின் தாய்மாமன் வெங்கு மாமா வரும் பக்கங்களில் எரிச்சல் வரும். வரவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்.

*

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. ஜப்பான்காரன் வருகிறான், திடீரென்று மதுரைத் தெரு வருகிறது, அடுத்த வரியில் மறுபடி இந்தோனேசியாவின் மெடான். யாராவது கைகொடுங்கள்.

*

கைகொடுக்கிறேன். முதலில், எல்லாச் சொல்லும் புரிய வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். மலாய்ச் சொற்கள் வரும், வட்டிக்கடைச் சொற்கள் வரும், இராணுவச் சொற்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் நின்று அர்த்தம் தேடினால் கதாநாயகன் பாண்டியன் உங்களை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விடுவான்.

அடுத்து, இடம் மாறுவது குழப்பம் இல்லை, அது பாண்டியனின் நினைவோட்டம். உடல் இந்தோனேசியாவில், மனம் மதுரையிலும் சின்னமங்கலத்திலும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நண்பர்கள் கூடிக் குடித்துக்கொண்டு பேசும் பகுதிகளுக்குப் போய், அவற்றை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பழம்பெருமை, இலக்கியம், அரசியல் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் நக்கலடிப்பார்கள். சிரித்துவிட்டீர்களானால் பிறகு நாவலே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தென்கிழக்கு ஆசியாவில் பிழைக்கப் போன தமிழர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எழுதிய நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை. புத்தகமாக வந்தது 1972இல். அந்த மனிதர் எழுதியதே மொத்தம் இரண்டு நாவல்தான், இன்னொன்று ‘கடலுக்கு அப்பால்’. சிரமமாக இருந்தால் அதை முதலில் வாசியுங்கள், அது நேர்க்கோட்டில் போகும். ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பெண்கள் இதில் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். என் தங்கை இதைச் சொல்லித்தான் கடைசிவரை ஒட்டவில்லை என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

பெரிய நாவலுக்கு எனக்கு நேரமில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டியில் வாசிப்பதுதான். சின்னதாக, ஆனால் சப்பென்று இல்லாமல் ஏதாவது சொல்லுங்களேன்.

*

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, 1959. ஒரே மைதானம், ஒரு பிற்பகல். தகப்பனைக் கொன்ற காரிக் காளைக்காகப் பிச்சி காத்திருக்கிறான். பேச்சு வழக்கு முதலில் கொஞ்சம் முட்டும், மனதுக்குள் ஒலித்துப் பார்த்தால் வழிக்கு வந்துவிடும். காளை வெளியே வரும் திட்டிவாசலில் அது வந்து நிற்கும் இடத்துக்குப் போகும்போது இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’. 1974. கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். அவன் நல்லவனும் இல்லை, ஆசிரியர் அவனைத் திருத்தவும் போவதில்லை. உலகம் அவனுக்கு அநியாயம் செய்தது என்று நம்மைக் கண்ணீர் விட வைப்பதும் இல்லை. அழுக்கு வேலைகளும் அழுக்குப் பேச்சும் அப்படியே வரும். பக்கத்தில் உட்காருபவர் எட்டிப் பார்த்து வாசிக்கும் ரகம் என்றால் கொஞ்சம் மறைத்துப் பிடியுங்கள்!

*

எல்லோரும் கனமானதாகவே சொல்கிறீர்கள். நான் இப்போதுதான் ‘பொன்னியின் செல்வ’னில் மூன்றாம் பாகம், ‘கொலைவாள்’. அதுவும் வாசிக்கவில்லை, சமையலறையில் ஒலிப்புத்தகமாகக் கேட்கிறேன். இது நாவல் வாசிப்பில் சேருமா சேராதா என்று தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள்.

கேட்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால் அநேகமாக ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு கொக்கியில் முடிகிறது. ஒரு நிழல், ஒரு குரல், ஓர் ஓலை. வாரம் முழுக்கக் காத்திருந்தவர்களுக்காகப் போட்ட கொக்கி அது. அடுத்த அத்தியாயம் அடுத்த விநாடியே ஓடும்போது அது கொஞ்சம் அலுக்கிறது. முன்கதையைத் திரும்பச் சொல்வதும் அப்படியே. ஆகவே இப்போது வேண்டுமென்றே ஓர் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மறுநாள் வரை நந்தினி என்ன செய்வாள் என்று யோசிப்பதில் இருக்கும் சுகம் தனி.

முடிவு திருப்தி தராது என்று சிலர் சொல்கிறார்கள். கல்கியே முடிவுரை எழுதி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறாராம். அதை முன்கூட்டி வாசிக்க மாட்டேன்.

*

சேரும் சேரும், கேட்பதும் வாசிப்புதான். சண்டைக்கு வர மாட்டேன்.

ருஷ்ய நாவல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் நல்ல ஓட்டமாக இருக்கிறது. அதை முடிக்க முடியாதவர்களிடம் பேசிப் பார்த்தால், பலரையும் நிறுத்தியது தத்துவம் இல்லை, பெயர்கள். ரஸ்கோல்னிகோவ், ரோடியன் ரொமானோவிச், ரோத்யா எல்லாம் ஒரே ஆள். சோஃபியாதான் சோனியா. முதல் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்த்து அழைத்தால் மரியாதை, சுருக்கி அழைத்தால் செல்லம். ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நூறு பக்கத்துக்குள் அது தேவைப்படாமல் போய்விடும். போர்ஃபிரி பெத்ரோவிச் என்ற விசாரணை அதிகாரி ரஸ்கோல்னிகோவோடு பேசும் மூன்று சந்திப்புகள் போதும், துப்பறியும் கதை விரும்புகிறவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். யார் கொலை செய்தார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அவன் எப்போது உடைவான் என்பதுதான் பதற்றம்.

*

மனசு சரியில்லாத நாளில் எதை எடுப்பது என்று யாரும் சொல்லவில்லையே? என் கை போவது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பக்கம். தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு அலையும் ஜமுனா, கூடப்பிறந்த சாயா, பக்கத்தில் டீச்சரம்மா. யாருக்கும் நல்ல காலம் பிறந்துவிடுவதில்லை. ஜமுனா நொறுங்கிப் போயிருக்கும்போது டீச்சரம்மா அவளைச் சமாதானப்படுத்த வருகிறாள். தன் கதையைச் சொல்கிறாள், ஆனால் அதில் சுயபச்சாதாபம் இல்லை. உபதேசமும் இல்லை. இவ்வளவு வறண்ட உரைநடையில் ஆறுதல் எப்படி வருகிறது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சோகக் கதை வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள்கூட இதைத் தாங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

*

அப்படியானால் தண்ணீருக்குப் பிறகு உப்பு! ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ எடுத்திருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்துப் பழகி எழுதியது. பொன்னாச்சியும் தம்பி பச்சையும் அளத்து வேலைக்கு வந்து சேரும் இடம் வரை வந்திருக்கிறேன். இதுவரை விவரங்கள் பிரமாதம், பேச்சு சில இடங்களில் ஒரு தொழிற்சங்கக் கூட்டம் போல ஆகிவிடுகிறது. பின்னால் அது குறைகிறதா, கூடுகிறதா? முடித்தவர்கள் அதை மட்டும் சொல்லுங்கள், கதையைச் சொல்லிவிடாதீர்கள்.