மேட்ச் குண்டு எல்க் மானுக்கு ஆகுமா? அனுபவங்கள்

சேலம், அழகாபுரம்

மேட்ச் குண்டு (இலக்குச் சுடும் போட்டிகளுக்கென்று செய்வது) போட்டுச் சுட்டால் நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகிறது, அதனால் இதையே எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டைக்கும் எடுத்துப்போகலாமா என்று டெக்சாஸில் இருக்கிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மேட்ச் குண்டு, எவ்வளவு தூரம், அந்தத் தூரம் போய்ச் சேரும்போது வேகம் எவ்வளவு மிச்சம் இருக்கும், இந்த மூன்றும் தெரியாமல் எடுத்துப்போவது அந்த மிருகத்துக்குச் செய்கிற கொடுமை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதெல்லாம் கொலராடோவில் வேலை பார்த்த காலத்தில், அங்கே உரிமம் எடுத்து, அந்த ஊர்ச் சட்டப்படி நடந்தவை. நம் நாட்டில் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது இந்த மாதிரி வேட்டைக்கு இடமே இல்லை, தோட்டா தயாரிப்பதும் உரிமம் இல்லாமல் செய்தால் ஆயுதச் சட்டப்படி குற்றம். சேர்வராயன் அடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தும் பால்ரஸும் இடித்து வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இது உங்களுக்கு எழுதியது அல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் மாதம், ஒன்பதாயிரம் அடிக்கு மேல், காலையில் நல்ல குளிர். உடன் வந்த நண்பர் வைத்திருந்தது 300 வின் மேக் துப்பாக்கி, அதில் ஹாலோ பாயின்ட் (நுனியில் துளையுள்ள) மேட்ச் குண்டு, அவரே நிரப்பியது (எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை). எதிர்ச் சரிவில் ஐந்நூறு கஜத்துக்கு மேல் ஒரு ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. அவர் சுட்டது சரியான இடத்தில்தான், முன்னங்காலுக்குப் பின்னால், நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் ஒரு முறை உடம்பைக் குறுக்கியது, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல மரங்களுக்குள் நடந்து போய்விட்டது. ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் கண்டுபிடித்தோம், அது அப்போதும் உயிரோடு இருந்தது. அறுத்துப் பார்த்தபோது, உள்ளே போன ஓட்டையும் வெளியே வந்த ஓட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. குண்டு விரியவே இல்லை, ஊசி குத்தின மாதிரி போயிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று அதற்கப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். ஹாலோ பாயின்ட் என்ற பெயரைப் பார்த்ததும் நுனியில் ஓட்டை இருக்கிறது, அப்படியானால் விரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். மேட்ச் குண்டில் அந்த ஓட்டை விரிவதற்காக வைத்தது அல்ல. செம்பு உறையை அடிப்பக்கம் மூடியதாகச் செய்து, ஈயத்தை நுனி வழியாக உள்ளே இறக்கி, பிறகு நுனியைச் சுருக்குகிறார்கள். அடிப்பக்கம் பிசிறில்லாமல் ஒரே சீராக அமைவதால்தான் அது அவ்வளவு துல்லியமாகப் போகிறது. நுனியில் மிச்சமாகும் சின்னத் துளை அந்தச் செய்முறையில் தானாக வருவது. 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளுக்குத் தடை போட்டது, கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில் செய்த குண்டுகள்தான் அந்தச் சர்ச்சைக்கு முக்கியக் காரணம். அப்படி ஒரு தடை இருக்கும்போது அமெரிக்க ராணுவத்தின் ஸ்னைப்பர்கள் நுனி திறந்த மேட்ச் குண்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? இந்தத் துளை விரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்று 1990இல் அவர்களுடைய ராணுவச் சட்ட அலுவலகமே எழுதிக் கொடுத்தது. விரிய வேண்டும் என்று செய்யாத குண்டு மான் நெஞ்சில் மட்டும் விரியும் என்று எதிர்பார்ப்பது எப்படி? சில சமயம் விரியும், சில சமயம் உடைந்து சிதறும், சில சமயம் புரளும், சில சமயம் நேராகப் போய்விடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் என் ஆட்சேபம். சியரா கம்பெனியே தங்கள் மேட்ச்கிங் குண்டுகளை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

எல்லா மேட்ச் குண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெர்கர் கம்பெனியில் விஎல்டி டார்கெட், விஎல்டி ஹன்டிங் இரண்டும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனால் டார்கெட் குண்டுக்கு உறை கனம், ஹன்டிங்குக்கு மெல்லிசு. அது இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போன பிறகு உடைந்து சிதறும்படி செய்யப்பட்டது. ஹார்னடி கம்பெனியில் இஎல்டி மேட்ச் இருக்கிறது, அதே குடும்பத்தில் வேட்டைக்கென்று இஎல்டி எக்ஸ் இருக்கிறது, பின்னதில் ஈயத்தைப் பிடித்து நிறுத்த உறைக்குள் ஒரு வளையம் உண்டு. 6.5 கிரீட்மோர் தோட்டாவில் 143 கிரெயின் (குண்டின் எடை அளவு) இஎல்டி எக்ஸின் பி.சி. (காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண், கூடினால் நல்லது) 0.625, 140 கிரெயின் இஎல்டி மேட்சின் பி.சி. 0.646. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக வேட்டைக் குண்டை விட்டு மேட்ச் குண்டுக்குப் போக வேண்டுமா என்பதை அவரவர் யோசியுங்கள். நான் போகவில்லை.

வேகக் கணக்கையும் பாருங்கள். 143 கிரெயின் குண்டு குழல் முனையில் வினாடிக்கு 2,700 அடி என்றால் ஐந்நூறு கஜத்தில் சுமார் 2,000 அடிதான் மிஞ்சும். பல குண்டுகளுக்கு 1,800க்குக் கீழே விரியும் என்ற நம்பிக்கை குறைந்துவிடும். அதனால் என் எல்லையை நான் கஜத்தில் வைக்கவில்லை, வேகத்தில் வைத்தேன். கணக்கில் 1,900 வரும் இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். எதிர்ப் பக்கமும் உண்டு. அடர்ந்த மரங்களுக்குள் எழுபது கஜத்தில் மான் திடீரென்று எதிரே வந்தால், மெல்லிய உறைக் குண்டு முழு வேகத்தில் தோள் எலும்பில் பட்டு மேலேயே நொறுங்கிப் போகலாம். நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டு பிறந்ததே அப்படித்தான்: 1946இல் ஜான் நோஸ்லர் சுட்ட மூஸ் (பெரிய மான் வகை), குண்டு ஆழமாக இறங்காததால் விழவில்லை, அதற்கப்புறம்தான் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டை அவர் செய்தார். காட்டுக்குள் கிட்டத்தில் சுடுகிறவர்கள் பி.சி.யை மறந்துவிட்டு இந்த மாதிரி குண்டுக்குப் போங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கொலராடோவில் எல்க்குக்கு விரியும் குண்டு, குறைந்தது 85 கிரெயின் என்று விதியிலேயே இருக்கிறது. உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிறைஸ்ட்சர்ச் (சொந்த ஊர் ஆத்தூர்)

அண்ணா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் தார் வேட்டைக்குப் போகிறவன். இமாலயத்து ஆடுதான், 1904இல் மவுன்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள், பெருகி மலைச் செடிகளையெல்லாம் மேய்ந்து தீர்ப்பதால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி அரசே கேட்கிறது. என் கையில் 6.5 கிரீட்மோர், 147 கிரெயின் இஎல்டி மேட்ச். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நானூறு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு கிடா பாறை மேல் நின்றது, சுட்டதும் நாலு அடி வைத்து விழுந்தது. நுரையீரல் இரண்டும் போயிருந்தன. இதே மாதிரி பலமுறை பார்த்துவிட்டேன். நுனியில் பிளாஸ்டிக் முனை இருக்கிற மேட்ச் குண்டு, வெறும் துளை இருக்கிறதைவிட ஒழுங்காகத் திறக்கிறது என்பது என் அனுபவம். ஆனால் தார் எல்க் அளவு கனம் இல்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கறி சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: சிதறுகிற குண்டு என்றால் ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு நான் வெட்டி எறிந்துவிடுவேன், கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் தூரம் வரை போகும். குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் முழுச் செம்புக் குண்டே மேல்.

காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே? மணிக்கு பத்து மைல் குறுக்குக் காற்று ஐந்நூறு கஜத்தில் இந்தக் குண்டுகளையே ஒன்றரை அடி அளவுக்குத் தள்ளும். பள்ளத்துக்கு மேலே நம் கன்னத்தில் படுகிற காற்று ஒன்று, நடுவில் வீசுவது வேறு. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்திருப்பீர்கள், முகத்தில் காற்றே இருக்காது, கீழே பனிமூட்டம் மட்டும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் இங்கே தினமும்.

ஏற்காடு, காப்பித் தோட்டம்

நான் வேட்டைக்காரன் இல்லீங்க, அப்பா காலத்து உரிமத் துப்பாக்கி வீட்டில் இருந்ததோடு சரி. ஆனால் காட்டெருமையை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் சாயங்காலம் சில்வர் ஓக் வரிசைக்குள் திரும்பினேன், பத்தடியில் ஒரு கிடா நின்றது. அதன் தோள் என் தலைக்கு மேலே இருந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்படியே பின்வாங்கி வந்து காரில் ஏறும்வரை அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு டன்னை நெருங்குகிற உடம்பு. தாத்தா காலத்தில், சட்டம் வருவதற்கு முன், தோட்டத் துரைமார்கள் இதற்கென்று விரியாத சாலிட் குண்டு வைத்திருப்பார்கள் என்றும், கிட்டே போகாமல் யாரும் சுட மாட்டார்கள் என்றும் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காயம்பட்டுத் தப்பிய எருமை நாள்கணக்கில் வழியை மறித்துக்கொண்டு கிடக்குமாம், அப்போது கூலிக்கு வந்தவர்கள்தான் மாட்டினார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து சுடுவது என்பதே எனக்குப் புரியவில்லை. ஐந்நூறு கஜம் தள்ளி நிற்கிற மிருகம் காயத்தோடு ஓடினால், நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது எங்கே போயிருக்கும்? இன்னொன்று, சேலத்து வெயிலுக்கும் இங்கத்துக் குளிருக்கும் என் ஸ்கூட்டரே வேறு மாதிரி ஓடுகிறது, தோட்டாவில் இருக்கிற மருந்து மட்டும் எப்படி ஒரே மாதிரி எரியும்?

சேலம், அழகாபுரம்

ஐயா, முதல் கேள்விக்கு உங்கள் பக்கம்தான் நானும். தூரம் அதிகமாக அதிகமாக, சுட்ட இடத்தையே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். கிட்டே போக வழி இருந்தால் போவதுதான் மரியாதை, அதனால்தான் நானூறு கஜத்துக்கு மேல் நான் சுட்டது மிகவும் குறைவு.

இரண்டாவது நல்ல கேள்வி. ஜூலையில் சமவெளி வெயிலில் சோதித்த தோட்டா அக்டோபர் மலைக் குளிரில் மெதுவாகத்தான் போகும். எச் 4350 மாதிரி வெப்பத்துக்கு அதிகம் மாறாத பவுடர் எடுத்தால் வித்தியாசம் குறையும். கிறைஸ்ட்சர்ச் தம்பிக்கு அதே பவுடர் ஏஆர் 2209 என்ற பெயரில் கிடைக்கும், இரண்டும் ஆஸ்திரேலியாவில் செய்வதுதான். எவ்வளவு பவுடர் என்று இங்கே நான் எழுத மாட்டேன், குண்டுக் கம்பெனி கையேட்டில் குறைந்த அளவிலிருந்து ஆரம்பித்து மெதுவாக ஏறுங்கள், இன்னொருவர் சொன்ன அளவை அப்படியே போடாதீர்கள். கிரோனோகிராப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் தூர வேட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் 30 அடி வேறுபட்டால் அறுநூறு கஜத்தில் இரண்டு மூன்று அங்குலம் மேலே கீழே போகும்.

குண்டை எவ்வளவு ஆழம் உட்காரவைப்பது என்று அளக்கும்போது நுனியிலிருந்து அளக்காதீர்கள், மேட்ச் குண்டின் நுனிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். கம்பாரேட்டர் (அளவுகோலில் மாட்டும் துணைக்கருவி) மாட்டி, குண்டின் வளைவிலிருந்து அளங்கள். விஎல்டி வடிவம் இந்த ஆழத்துக்கு ரொம்பக் கோபித்துக்கொள்ளும், 0.040 அங்குலப் படிகளாக மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரு ஆழத்தில் குண்டுகள் சட்டென்று நெருக்கமாக விழ ஆரம்பிக்கும். ஆனால் துல்லியத்துக்காகக் குழலின் வரிகளில் முட்டும்படி வைத்துவிட்டு வேட்டைக்குப் போகாதீர்கள். சாயங்காலம் சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு, பவுடர் முழுக்க ஆக்ஷனுக்குள் (தோட்டா ஏறி இறங்கும் பகுதி) கொட்டிவிடும், மலையில் அன்றோடு துப்பாக்கி வேலைக்கு ஆகாது. கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) முழு நீளத்துக்கு சைஸ் செய்து (அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து), அதன் தோளை 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளுங்கள். எடுத்துப்போகப் போகிற ஒவ்வொரு தோட்டாவையும் கிளம்புவதற்கு முன்னால் ரேஞ்சில், குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, மேகசினிலிருந்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்தால் அதைத் தனியே எடுத்துவைத்து, மறுபடி அளந்த பிறகு பெட்டியில் சேருங்கள்.