பழைய மார்லின் 39ஏ துப்பாக்கி வாங்கலாமா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெரியவர் தன் பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா) லீவர் துப்பாக்கியை, அதாவது கீழே உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியை, விற்கிறார். மார்லின் 39ஏ. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. சட்டப்படி அவர் விற்கப் போவதாகப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்கணும், சரி.

பக்கவாட்டில் உள்ள திருகைக் கழற்றினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிகிறது. அவர் முன்னாலேயே குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு வளையம். துணி சுற்றிய கம்பியை விட்டால் அந்த இடத்தில் மட்டும் லூசாகப் போகிறது. துருவா, குழல் உள்ளே வீங்கிவிட்டதா? தோட்டா நுழையும் வாய் விளிம்பிலும் சின்னத் தழும்பு. தோட்டா போடாமல் வெறுமனே விசையைத் தட்டித் தட்டி விளையாடியிருக்கிறார்கள் போல. மரக்கட்டைப் பிடி மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது!

இதைச் சரிசெய்ய முடியுமா? நெல்லை, தென்காசிப் பக்கம் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் யாராவது உண்டா? சனிக்கிழமை விலை பேச வரச் சொல்லியிருக்கிறார்.