மரண விளிம்பு அனுபவம் மறுமைக்குச் சான்றா?

தேடல்:
செத்தால் எல்லாம் முடிந்தது என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இதயம் நின்ற பத்து இருபது விநாடிகளில், மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. கோடு தட்டையாகிவிடும். அப்படிப் போய்த் திரும்பியவர்களில் சிலர் "மேலிருந்து என் உடம்பையே பார்த்தேன், ஒளி தெரிந்தது, இறந்துபோன சொந்தங்கள் வந்தார்கள்" என்கிறார்கள். நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லோமெல் குழு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், இதயம் நின்று பிழைத்த 344 பேரில் 62 பேருக்கு இத்தகைய நினைவு இருந்தது. எவ்வளவு நேரம் இதயம் நின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்றால் மீதி 282 பேருக்கு ஏன் வரவில்லை?

வேர்வழி:
அதே 282 பேரை வைத்து நானும் கேட்கிறேன். உயிர் உடலை விட்டுப் பிரிந்து வேறோர் இடத்துக்குப் போகிறது என்றால் அது 344 பேருக்கும் நடந்திருக்க வேண்டும். மூளையில் நடப்பது ஆளுக்கு ஆள் மாறும், நினைவில் தங்குவதும் மாறும். கனவு எல்லோருக்கும்தான் வருகிறது, காலையில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

என் முக்கியமான சந்தேகம் நேரத்தைப் பற்றியது. கோடு தட்டையாக இருந்தபோதுதான் அந்த அனுபவம் நிகழ்ந்தது என்று எப்படித் தெரியும்? மயங்கும் தறுவாயிலோ, ரத்த ஓட்டம் திரும்பும்போதோ நிகழ்ந்திருக்கலாம். கண் விழித்தவருக்கு எல்லாம் ஒரே தொடராகத்தான் தோன்றும்.

தேடல்:
நேரம் தெரிந்த நிகழ்வும் இருக்கிறது. 1991இல் பாம் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகிக்கு மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உடலைக் குளிரூட்டி, இதயத்தை நிறுத்தி, தலையிலிருந்து ரத்தத்தை வடித்துவிட்டுச் செய்த சிகிச்சை அது. கண்களை ஒட்டியிருந்தார்கள். காதில் கிளிக் சத்தம் எழுப்பும் கருவி. அப்படியும் எலும்பை அறுக்கும் கருவி எப்படி இருந்தது என்றும், அவருடைய ரத்தக்குழாய்கள் சிறியவை என்று ஒரு பெண் சொன்னதையும் அவர் பின்னால் விவரித்தார்.

வேர்வழி:
நண்பரே, அந்தக் கருவி ஓடியதும் அந்தப் பேச்சு நடந்ததும் இதயத்தை நிறுத்துவதற்கு முன்பு. அப்போது அவர் மயக்க மருந்தில் இருந்தார், ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மயக்க மருந்தில் இருக்கும்போதே சிலருக்கு நினைவு விழித்துக்கொள்வது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ரத்தம் வடிந்திருந்த நேரத்தைச் சேர்ந்தது என்று சரிபார்க்கக்கூடிய ஒரு விவரம்கூட அதில் இல்லை.

இரவுப்பணி:
இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஐசியூவில் நர்ஸ். நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுக்கும்போதே சில நோயாளிகள் கண் திறப்பார்கள், கையைத் தட்டிவிடக்கூடப் பார்ப்பார்கள். அழுத்துவதை நிறுத்தினால் மறுபடி நினைவு போய்விடும். இதயம் தானாகத் துடிக்கவில்லை, ஆனால் எங்கள் கை ரத்தத்தை மூளைக்கு அனுப்புகிறது. அதனால் "இதயம் நின்றது, ஆகவே மூளையும் நின்றது" என்று நேர்கோடு போடாதீர்கள்.

அப்புறம், பிழைத்து வந்தவர் சொல்லத் தொடங்கும்போது "அது பிரமை" என்று அவர் வாயை அடைப்பதும் வேண்டாம். எல்லோருக்கும் ஒளியும் அமைதியும் வருவதில்லை. பயங்கரமானதைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் தவிப்பவர்களும் உண்டு. விவாதத்தில் ஜெயிக்கிற ஆசையில் அவர்களை மறந்துவிடக் கூடாது.

வேர்வழி:
நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, சகோதரி. அனுபவம் உண்மை. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் எங்களுக்குள் வேறுபாடு.

இதைச் சோதிக்கும் ஒரு நல்ல வழியைப் பல மருத்துவமனைகளில் செய்து பார்த்தவர் மருத்துவர் சாம் பார்னியா. மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அலமாரித் தட்டுகளில் படங்களை வைத்தார்கள். 2014இல் முடிவு வந்தது. 2,060 பேருக்கு இதயம் நின்றது, பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. படத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தேடல்:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அந்த ஆய்வில் பார்த்ததாகவும் கேட்டதாகவும் சொன்ன இருவருக்கும் இதயம் நின்றது தட்டு இல்லாத இடத்தில். அதில் ஒருவர் சொன்ன விவரங்கள் சரிபார்க்கப்பட்டு ஒத்துப்போயின. தேர்வே எழுதாதவர்களைத் தோற்றதாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

வேர்வழி:
சரி, 2023இல் வந்த பார்னியா குழுவின் அடுத்த ஆய்வைப் பாருங்கள். 567 பேரில் 28 பேர் மட்டுமே பேசும் நிலைக்கு வந்தார்கள். இந்தமுறை கருவியை நோயாளியின் பக்கத்துக்கே கொண்டுபோய்ப் படமும் காட்டினார்கள், காதில் பழங்களின் பெயரையும் ஒலிக்கவிட்டார்கள். ஒலியை ஒருவர் அடையாளம் சொன்னார். படத்தை யாரும் சொல்லவில்லை. அதோடு, சிபிஆர் தொடங்கி 35 முதல் 60 நிமிடம் கழித்துக்கூடச் சிலருக்கு இயல்பை ஒத்த மூளை அலைகள் தெரிந்தன. சகோதரி சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இறந்துவிட்டது என்று நாம் நினைத்த மூளை இறக்கவில்லை.

தேடல்:
28 பேரை வைத்து இவ்வளவு பெரிய கேள்வியை மூடிவிட முடியாது. அமெரிக்காவின் மிச்சிகனில் மூளை ஆய்வாளர் ஜிமோ போர்ஜிகின் குழு அதே ஆண்டு வெளியிட்டதையும் எல்லோரும் காட்டுகிறார்கள். சாகும் நேரத்தில் நான்கு நோயாளிகளில் இருவரின் மூளையில் காமா அலைகள் எனப்படும் வேகமான மின் அலைகள் எழும்பின. ஆனால் அந்த இருவரும் இறந்துவிட்டார்கள். அவர்கள் என்ன கண்டார்கள், எதையாவது கண்டார்களா என்று யாரிடம் கேட்பது? அலை எழுந்தது என்பதைக் காட்சி தோன்றியது என்று வாசிப்பதும் நம்பிக்கைதான்.

வேர்வழி:
அந்த எச்சரிக்கை நியாயமானது, அதை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. காட்சிகளையே எடுத்துக்கொள்வோம். மேற்கில் சுரங்கப்பாதையும் ஒளியும் அடிக்கடி வருகின்றன. சத்வந்த் பஸ்ரிச்சா, இயன் ஸ்டீவன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களைப் பதிவு செய்து 1986இல் வெளியிட்டார்கள். அங்கே எமதூதர்கள் வந்து அழைத்துப்போகிறார்கள், ஏட்டைப் பார்த்து "ஆள் மாறிவிட்டது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். போகிற இடம் ஒன்றுதான் என்றால் வாசலே ஏன் மாறுகிறது?

தேடல்:
மனம் தனக்குத் தெரிந்த உருவத்தைக் கொடுக்கிறது. அடியில் இருப்பது ஒன்றுதான்: யாரோ வருகிறார்கள், ஓர் எல்லை வருகிறது, திரும்பிப் போ என்கிறார்கள்.

வேர்வழி:
ஒரே மாதிரி இருந்தால் உண்மையான இடம், வேறுபட்டால் மனம் கொடுத்த உருவம். இந்த விதியை வைத்துக்கொண்டால் எந்தச் சாட்சியும் உங்களை மறுக்கவே முடியாதே. அதனால் கேட்கிறேன்: எது நடந்தால் மாற்றிக்கொள்வீர்கள்? என் பக்கத்தை நானே சொல்லிவிடுகிறேன். தொடர்பில்லாத இரண்டு மருத்துவமனைகளில், ஊழியர்களுக்கே தெரியாத படத்தை நோயாளிகள் சரியாகச் சொன்னால், சுயநினைவு மூளைக்குள் மட்டும்தான் என்ற என் நிலையைக் கைவிடுவேன்.

தேடல்:
நல்ல கேள்வி. உடலுக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொல்பவர்கள் நூறு பேர் படம் வைத்த அறையிலேயே கிடைத்து, ஒருவர்கூடப் படத்தைச் சொல்லாவிட்டால், "மேலிருந்து பார்த்தேன்" என்பதைச் சான்றாகக் காட்டுவதை நிறுத்திவிடுவேன். மறுமையை அப்போதும் நம்புவேன், ஆனால் ஆய்வு சொல்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இரவுப்பணி:
நூறு பேர் கிடைக்க ரொம்பக் காலம் ஆகும். பிழைப்பவர்களே குறைவு. அதுவரை ஒன்றாவது செய்யலாம். கண் விழித்தவர் முதல்முறை சொல்வதை, உறவினர் வந்து பேசுவதற்கு முன், நேரம் போட்டு அப்படியே எழுதி வைக்க வேண்டும். நாள் போகப்போகக் கேட்டவர்களின் சொல்லும் அதில் கலந்துவிடுகிறது.