தவிட்டுப்பழம் தின்ற நாக்கு: மூன்று பேரின் நினைவுகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழியில் அரை மணி நேர நடை. தவிட்டுப்பழக் காலத்தில் மட்டும் அது ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பு உயரப் புதர், இலையைத் திருப்பினால் அடியில் கம்பளி மாதிரி வெளிறிய மயிர். ரோஸ் நிறத்தில் விரியும் பூ போகப்போக வெளுக்கும், அதனால் ஒரே செடியில் இரண்டு நிறம். பழம் கோலிக்குண்டு அளவு, கருநீலம், தலையில் குட்டிக் கிரீடம். கிரீடத்தைக் கிள்ளிவிட்டு அடியில் அமுக்கினால் சதை வாய்க்குள் விழும். முழுக்கப் பொடி விதை. அவசரப்பட்டுக் காயைத் தின்றால் துவர்ப்பில் நாக்கு மரத்துப்போகும். ரோடோமிர்டஸ் டொமெண்டோசா என்ற பெயரெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

லேட்டாகப் போனால் டீச்சர் காரணம் கேட்கமாட்டார். “நாக்கை நீட்டு” என்பார். ஊதா நாக்கு என்றால் அடி.

ஒருநாள் புதருக்கு அந்தப் பக்கம் கிளை ஆடியது. கூட வந்தவன் என்று நினைத்து, “டேய், அங்க பழுத்தது இருக்கா?” என்றேன். பதிலுக்கு ஓர் உறுமல். கரடி! பையும் ஒற்றைச் செருப்பும் அங்கேயே கிடந்தன. அன்றைக்கு நாக்கு ஊதாவாகவே இல்லை, ஆனால் டீச்சர் நம்பவில்லை.

போன வருடம் போய்ப் பார்த்தேன். அந்தச் சரிவு முழுக்கச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). கற்பூர மரமும் தவிட்டுப்பழமும் ஒரே குடும்பமாம். சொந்தக்காரன் வந்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட கதைதான். கோயிலுக்குப் பின்னால் நான்கு புதர் மிச்சம்.

*

வியட்நாமின் பூகுவோக் தீவுக்குச் சுற்றுலா போயிருந்தோம். கடை நிறைய ஒயின் பாட்டில், லேபிளில் நம்ம தவிட்டுப்பழம்! அங்கே பெயர் ‘சிம்’. “எங்க ஊர்ல இது சும்மா கிடைக்கும்” என்று கடைக்காரம்மாவிடம் சைகையிலேயே பீற்றிக்கொண்டேன். என் சொந்த ஊர் கொடைக்கானல்.

*

நான் இருப்பது புளோரிடாவில். பக்கத்துப் பைன் காட்டில் இந்தச் செடியைப் பார்த்துவிட்டுக் குதித்தேன். கூட வந்த அமெரிக்க நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது, பறவைகள் விதையைப் பரப்பிக் காடெல்லாம் ஏறிவிட்டது, இப்போது அரசின் களைப் பட்டியலில் இருக்கிறது என்றார். பார்த்தால் பிடுங்க வேண்டுமாம். சரி என்று நானும் கைகொடுத்தேன். பிடுங்குவதற்கு முன்னால் தொப்பி நிறையப் பறித்துக்கொண்டேன்.