பீடி சுத்துற ஊர்ல 'சுகாதார நீதி' நிகழ்ச்சி, ஆள் உக்காருமா?

ஆலங்குளத்தான்:
எங்க ஊர் ஆலங்குளம் பக்கம். வாசகசாலை பசங்க சேந்து அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயில் திடல்ல நிகழ்ச்சி போடுதோம், கொஞ்சம் பேச்சு, ஒரு சின்ன நாடகம், கடைசில வில்லுப்பாட்டு. விஷயம் பீடி சுத்துற பொம்பளைங்க உடம்பு. எங்கம்மாவே முப்பது வருஷமா சுத்துதா, மடியில சுளகு, குனிஞ்ச தலை நிமிராது, ராத்திரி படுத்தா இருமல், கேட்டா "தூசி தாம்லே"ங்கா. நோட்டீஸ்ல 'சுகாதார நீதி மாலை'ன்னு போட்டோம், பக்கத்து வீட்டு சித்தி வாசிச்சுட்டு "மாலை யாருக்குலே போடப்போறீய, எம்எல்ஏவுக்கா"ன்னு கேட்டுட்டா. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ப்ரொஃபசர் வாரேன்னுருக்காவ. போதுமா?

பொருநைக்கரை:
தம்பி, மூணு பேரும் பேசுனா திடல்ல மூணு பேருதான் மிஞ்சுவாவ. நாங்க ரெண்டு வருஷம் முன்னால இதே மாதிரி போட்டோம், டாக்டர் நல்ல மனுசன் தான் ஆனா ப்ரொஜெக்டர்ல நுரையீரல் படத்த போட்டு ஐம்பது நிமிசம் பேசுனாரு, பொம்பளைங்க சேர மடக்கி வச்சுட்டு சீரியல் பாக்க போய்ட்டாவ. அப்புறம் ஒரு அக்கா சுளகோட மேடையேறி சுத்திக்கிட்டே பேசுனா பாருங்க. ஊறப்போட்ட இலையை தகரம் வச்சு கத்தரில வெட்டி, தூள வச்சு உருட்டி, நுனிய மடக்கி நூலு கட்டி, ஒரு பீடி முடிஞ்சதும் விரல லைட்டுக்கு நேரா காட்டுனா, நகத்தடி எல்லாம் பழுப்பு. "சோறு பிசைஞ்சா சோறே கசக்கும்"னா. போனவங்க பாதி பேர் திரும்பி வந்தாவ. டாக்டர கீழ உக்கார வச்சு கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல சொல்லுங்க. புகையிலை நஞ்சு மூக்கு வழியா மட்டுமில்ல தோல் வழியாவும் ஏறும்னு அவரு சொன்னா போதும்.

சட்டம்தெரிஞ்சவன்:
இருமலோட நிறுத்திட்டா அது மருத்துவ முகாம் ஆயிரும், நீதின்னு எதுக்கு பேரு? 1966லயே பீடி, சுருட்டு தொழிலாளர் சட்டம் வந்தாச்சு, வீட்டுல இருந்து சுத்துறவங்களும் தொழிலாளி தான்னு அதுலயே சொல்லியாச்சு. 1976ல நலநிதி சட்டம், பீடிக்கு செஸ்னு ஒரு தனி வரி போட்டு அந்த காசுல ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு படிப்பு உதவி எல்லாம். முக்கூடல்ல பீடி தொழிலாளிக்குன்னே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்குல்லா, அது இப்படி வந்தது தான். 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ அந்த செஸ்ஸ எடுத்துட்டாவ. வக்கீல் இத மட்டும் பத்து நிமிசத்துல சொல்லட்டும். இன்னொண்ணு, ஒரு பீடி தொழிலாளி கார்டுல மூணு பேர் சுத்துற வீடு எத்தனை இருக்கு உங்க ஊர்ல? கார்டுல பேர் இல்லாதவளுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டு பாருங்க, கூட்டம் தானா பேசும்.

வீசுகோல்:
வில்லுப்பாட்ட கடைசில போடாதீங்க தயவுசெஞ்சு. பத்து மணிக்கு மேல மைக் செட் போடக்கூடாது, பேச்சு இழுத்துச்சுன்னா நாங்க குடத்த தூக்கிட்டு வீட்டுக்கு போக வேண்டியது தான், எனக்கு ரெண்டு தடவ ஆயிருக்கு. முதல்லயே பாட்ட போட்டு நடுநடுவுல நிறுத்தி பேச விடுங்க. 'ஆமா' போடுத ஆளு வெறுமன ஆமா போடாம "ஏன் அண்ணாச்சி, ஆயிரம் பீடிக்கு கூலி உண்டு, குனிஞ்ச கழுத்துக்கு கூலி உண்டா?"ன்னு குறுக்க கேக்கணும், ஜனம் சிரிச்சுக்கிட்டே காது குடுக்கும். உடுக்கடிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, பஸ் காசு போதும்.

ஆலங்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. நோட்டீஸ் பேர மாத்தியாச்சு, 'பீடி சுத்துற கைக்கு என்ன பதில்?'. அம்மாவ பேச கூப்பிட்டேன், முதல்ல "கம்பெனில இலைய கொறச்சுட்டா நீயாலே தருவ?"ன்னா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ராத்திரி அவளே வந்து, தனியா ஏற மாட்டேன், எங்க தெரு ஆறு பேரும் சேந்து ஏறுதோம், ஆனா சனிக்கிழம கூலி போடுத நாளு ஒருத்தியும் வர மாட்டா, ஞாயித்துக்கிழமைக்கு மாத்துன்னுட்டா. வீசுகோல் அண்ணாச்சி, ஞாயிறு உங்களுக்கு தோதுபடுமா?