திருகோணமலையில் சைனீஸ் பார்சல் வாங்கிய அனுபவங்கள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

எங்கள் வீடு உவர்மலையில். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிதான், முட்டைகூட இல்லை. அன்றைக்குக் கொழும்பிலிருந்து சித்தி குடும்பம் இரவு ரயிலில் வந்து இறங்கியிருந்தது. எல்லோரும் கோணேசர் கோயிலுக்குப் போய், திரும்பும் வழியில் பத்திரகாளி அம்மனையும் கும்பிட்டு வீடு வரப் பதினொன்றரை ஆகிவிட்டது. இனி எங்கே சமைப்பது? சித்தியின் பிள்ளைகள் பிரைட் ரைஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சரி என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். எந்தக் கடை என்று எழுதவில்லை. அது எனக்குத் தேவையுமில்லை.

பிள்ளைகளுக்குச் சிக்கன் பிரைட் ரைஸ். எங்களுக்கு வெஜிடபிள் பிரைட் ரைஸ் இரண்டு, சோஸ் விட்டுக் கொழுகொழுப்பாகச் செய்கிற வெஜிடபிள் சொப்சி ஒன்று. “மரக்கறிதானே? முட்டையும் போடாமல் தாங்கோ, விரதக்காரர் சாப்பிடுறது” என்று இரண்டு தரம் சொன்னேன். காசு வாங்குபவர் போனைப் பார்த்தபடியே “ஓம் ஓம்” என்றார்.

அம்மா பாதி சாப்பிட்டிருப்பார். கை நின்றது. கோவாவுக்கும் கரட்டுக்கும் நடுவில், சின்ன விரல் நுனியளவில், சுருண்டு சிவந்துபோய் ஓர் இறால். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய் வாய் கொப்பளித்தார். அப்படியே சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சித்தி என் முகத்தைப் பார்த்தா. நான் கீழே பார்த்தேன்.

கடைக்கு போன் எடுத்தேன். “ஒரு இறால்தானே அக்கா, கரண்டியில ஒட்டி வந்திருக்கும்” என்று பதில் வந்தது. பிழை எல்லோருக்கும் வரும். அந்தத் ‘தானே’யைத்தான் என்னால் இன்றைக்கும் ஆற்ற முடியவில்லை. நாற்பது வருடம் ஒரு வெள்ளிகூடத் தவறவிடாத மனுசி அவர்.

அதற்குப் பிறகு பல மாதம் சைனீஸ் பார்சல் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு மட்டும் வாங்கலாம் என்று இன்னொரு சிறு கடைக்குப் போனேன். நானும் வெள்ளியில் மாமிசம் சாப்பிடுவதில்லை, ஆனால் அம்மா அளவு கடுமை இல்லை. வெஜிடபிள் சொப்சி கேட்டேன். கல்லாவில் நின்ற தம்பி பேனையைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, இன்றைக்கு விரதமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். “அப்ப சொப்சி எடுக்காதீங்கோ. அதுக்கு ஒயிஸ்டர் சோஸ் விடுறது. அது சிப்பியில செய்யிறது. இங்க ஒரு தாச்சிதான் இருக்கு, அதில இப்பத்தான் கணவாய் போட்டு எடுத்தவை. உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது.”

எத்தனை வருடம் அந்தச் சொப்சியை மரக்கறி என்று நம்பி வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட்டிருக்கிறேன்! அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மெனுவில் ‘வெஜிடபிள்’ என்று எழுதியிருந்தால், உள்ளே மரக்கறி இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேறொன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இதை எனக்கு முதன்முதலில் சொன்னது அந்தத் தம்பிதான். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் போனது. நான் அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர் ஆனேன்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது போல எங்களுக்கும் பயம் உண்டு, ஆனால் வேறு விதத்தில். முதலில் பழைய கதை ஒன்று. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரைக்கும் திருமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் ‘பாதை’யில்தான், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான், வர வேண்டும். வாப்பா மாதச் சம்பளம் எடுக்கிற நாளில் டவுனில் பிரைட் ரைஸ் கட்டுவித்துக்கொண்டு வருவார். பாதைக்குக் காத்திருந்து, கடந்து, வீடு வரும்போது பார்சல் ஆறிக் கல்லாகிவிடும். உம்மா அதைச் சட்டியில் போட்டு ஒரு முட்டையும் உடைத்து ஊற்றித் திரும்பச் சூடாக்குவா. ஒரு பார்சல், ஆறு பேர். கறுப்பு சோயா மணமும் லீக்ஸ் மணமும் குசினியெல்லாம் நிற்கும். இன்றைக்கும் எனக்குச் சைனீஸ் என்றால் அந்தத் திரும்பச் சூடாக்கிய சோறுதான்.

இப்போது 396 மீற்றர் பாலத்தை மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடத்தில் கடக்கிறோம். சோறு சூடாகவே வருகிறது. கேள்விதான் கூடியிருக்கிறது. போன வருடம் உப்புவெளிப் பக்கம் புதிதாக ஒரு கடையில் ஓடர் கொடுக்குமுன் கேட்டேன், பன்றி சமைக்கிறீர்களா என்று. முதலாளி சிங்கள அண்ணன். தமிழ் குறைவுதான், ஆனால் மழுப்பவில்லை. “சமைக்கிறது நானா. சுற்றுலாக்காரர் கேட்கிறாங்க. சிக்கன் ஊற வைக்கிறப்ப வைனும் போடுறது. உங்களுக்குச் சரிவராது” என்றார். அதோடு விடவில்லை. வெளியே வந்து, எந்தச் சந்தியால் திரும்பினால் எங்கள் ஆட்களின் கடை இருக்கிறது என்று கையைக் காட்டினார். பிள்ளைகளோடு பசியில் நின்ற எனக்கு அது பெரிய உபகாரம். வைன் போடுவார்கள் என்பதை நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னது. கோழி ஹலாலா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்திப்படுகிற நம் ஆட்கள் இதையும் கேட்க வேண்டும்.

அன்புவழிபுரம்

மிளகாய்ப் பேஸ்ட் பக்கற் வைக்க மறந்து அனுப்பினால் எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். திரும்ப ஓட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்திருக்கிறேன். கடைக்கார அக்கா மன்னிப்புக் கேட்டு ஐந்து பக்கற் தந்தா.

முன்பு தாச்சி பிடித்தவன்

நான் ஏழு வருடம் இப்படியான கடைகளில் அடுப்படியில் நின்றவன். இப்போது வேறு வேலை. அடுப்படிப் பக்கத்திலிருந்து சிலதைச் சொல்கிறேன்.

முதலில், இறால் விழுந்த கதை. கரண்டியில் ஒட்டி வந்திருக்கும் என்றது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைத் தடுப்பது கஷ்டமில்லை. ஒரு ஓடர் முடிந்ததும் சுடு தாச்சியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, தூரிகையால் சுற்றி உரசிக் கொட்டினால் அரை நிமிடம். நல்ல குக் எப்படியும் அதைச் செய்வான், இல்லாவிட்டால் அடிப்பிடித்த கரி அடுத்த சோற்றில் ஏறும். நேரமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சோறு பற்றி. சுடச்சுட வடித்த சோற்றில் பிரைட் ரைஸ் வராது, களியாகிவிடும். காலையிலோ முதல்நாளோ வடித்து ஆற வைத்த சோறுதான் உதிரியாக நிற்கும். ‘பழைய சோற்றைப் போட்டு ஏமாற்றுகிறான்’ என்று ஒருவர் என்னோடு சண்டை பிடித்தார். ஏமாற்று இல்லை, முறையே அதுதான். ஆனால் அந்தச் சோறு குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் மேசையில் மூடி வைத்த சோறு வயிற்றைக் கெடுக்கும். அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

நெருப்புத்தான் மற்றது. சீனாவில் கன்ரன் பக்கத்துச் சமையற்காரர் இதை ‘வொக் ஹெய்’ என்பார்கள், தாச்சியின் மூச்சு என்று அர்த்தம். பெரிய நெருப்பில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எறிந்து எறிந்து பிரட்டினால்தான் அந்தப் புகை மணம் வரும். ஓகஸ்ட் மாதம் உப்புவெளி, நிலாவெளியெல்லாம் சீசன் உச்சத்தில் இருக்கும்போது என்ன நடக்கும் தெரியுமா? முப்பது ஓடர் தொங்கும். முதலாளி பின்னால் நின்று அவசரப்படுத்துவார். மூன்று பார்சலுக்கான சோற்றை ஒரே தாச்சியில் கொட்டுவோம். தாச்சி குளிர்ந்துவிடும். சோறு பொரியாது, தன் நீராவியில் அவியும். அந்த நாளில் வாங்கியவர்கள் ‘இந்தக் கடை முந்தி மாதிரி இல்லை’ என்பார்கள். சரிதான், அன்றைக்கு அது முந்தி மாதிரி இல்லைத்தான். கூட்டமாக இருந்தால் ‘நாங்கள் இருக்கிறோம், ஆறுதலாகச் செய்யுங்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுப்படியில் நிற்பவனுக்கு அது கேட்கும்.

2022 நினைவிருக்கிறதா? காஸ் கிடைக்காமல் சனம் வெறும் சிலிண்டரை வீதியில் வரிசையாக வைத்துக் காவல் இருந்த காலம். ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. நாங்கள் கடைக்குப் பின்னால் கல் அடுக்கி விறகு வைத்தோம். விறகு நெருப்பு நல்ல நெருப்புத்தான், ஆனால் கூட்டிக் குறைக்க ஏலாது. கண் எரியும். முதலாளி ஒரு மட்டையில் ‘இன்று விறகில் சமைப்பதால் ஒருமணி நேரம் ஆகலாம், கணவாய் இல்லை’ என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார். ஒருவரும் கோபப்படவில்லை. வாங்கிலில் இருந்து கதைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் ஏழு வருடத்தில் சனம் எங்களோடு ஆகப் பட்சமாக இருந்தது அந்த மாதங்களில்தான்.

அம்மாவுக்காகக் கேட்ட அக்காவுக்கு ஒன்று. சிப்பிக்குப் பதிலாகக் காளானில் செய்த சோஸும் இருக்கிறது. சீனாவில் பௌத்த மடங்களில் மாமிசம் மட்டுமல்ல, வெங்காயம் உள்ளியும் சேர்ப்பதில்லை. ஆகவே இதெல்லாம் சைனீஸ் சமையலுக்கே புதிதில்லை. அது கிடைக்காவிட்டால் சோயா, மிளகு, உப்பு போதும். சொப்சிக்குச் சோளமாக் கரைத்து ஊற்றினால் அந்தக் கொழுகொழுப்பு வந்துவிடும். எங்கள் கடையில் கேட்டவர்களுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

டொக்யார்ட் வீதி

நாங்கள் டச்சு விரிகுடாக் கடற்கரையில் பிள்ளைகளோடு இருந்து பார்சல் பிரிப்பது வழக்கம். ஒருநாள் சாப்பிட்டு முடித்த பெட்டிகளைப் பையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேன். மான் ஒன்று வந்து பைக்குள் மூக்கை விட்டது. ஊர் மான்கள்தானே, ஆட்களுக்குப் பயமில்லை. மகள் சந்தோசத்தில் கை தட்டினாள். மான் தலையைத் தூக்கியபோது வாயில் சோறு இல்லை, எண்ணெய் ஒட்டிய பிளாஸ்ரிக் தாள். மென்றுகொண்டிருந்தது. நான் எழும்பிப் பிடித்து இழுப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மகள் வீடு வரும்வரை அழுதாள். ‘செத்துப்போகுமா அம்மா?’ என்று நான்கு தரம் கேட்டாள்.

சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. ஆனாலும் ஏதோ ஒரு தாள் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் சட்டி கொண்டுபோகிறேன். முதல் கடையில் ‘அளவு பிழைக்கும்’ என்று மறுத்துவிட்டார்கள். இரண்டாவது கடையில் வாங்கி, சுடுதண்ணீரில் அலசி, தங்கள் அளவுக் கிண்ணத்தால் அளந்து போட்டுத் தந்தார்கள். இப்போது என்னைக் கண்டதும் சட்டிக்குக் கை நீட்டுகிறார்கள்.

மீண்டும் உவர்மலையிலிருந்து

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். தாச்சி பிடித்த அண்ணா எழுதியதைப் போனில் திறந்து, அந்தத் தம்பியின் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்ளே கூப்பிட்டு குக்கிடம் வாசித்துக் காட்டினார். குக் வயதானவர். கழுத்தில் துவாய். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வாங்கோ மகள். கடை திறந்ததும் முதல் ஓடர் உங்களுடையது. தாச்சியில வேறொன்றும் விழுந்திருக்காது” என்றார்.

போனேன். என் கண் முன்னால் தாச்சியைக் கழுவி, கவிழ்த்து, நெருப்பில் காய வைத்தார். புது எண்ணெய். கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ். சோயா கொஞ்சம், மிளகு கொஞ்சம். சோறு தாச்சியிலிருந்து எழும்பி எழும்பி விழுகிற சத்தம் மழை தகரத்தில் விழுவது போல இருந்தது. தம்பி மட்டைப் பெட்டியின் மூடியில் பச்சைப் பேனையால் ‘சைவம்’ என்று பெரிதாக எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

வீட்டில் அம்மாவிடம் நான் எதையும் வற்புறுத்தவில்லை. நடந்ததைச் சொல்லிப் பெட்டியை மேசையில் வைத்தேன். அம்மா மூடியிலிருந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு பெட்டியைத் திறந்து, வாழையிலைத் துண்டு ஒன்றில் ஒரு பிடி எடுத்து வைத்து, அதைக் கொண்டுபோய்ப் பின்மதிலில் வைத்துவிட்டு, “கா, கா” என்று கூப்பிட்டார்.