பெரிய செலவில்லாமல் வேலை பார்க்கும் இடம் நல்லதாக மாறிய (மாறாத) கதை: உங்களுடையதைச் சொல்லுங்கள்

பனியன்_ஊர்
திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். நூற்றுச்சொச்சம் பேர். பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின் சோதனை, வருகிறது என்றால் என்னென்ன நடக்கும் என்று இந்த லைனில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு, சுவரில் புதுசாக ஒரு புகார்ப் பெட்டி. சாவி என்னிடம்தான் இருந்தது. ஆடிட் முடிந்ததும் பெட்டியை எல்லோரும் மறந்தாயிற்று, நானும்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போதுதான் திறந்தேன். இரண்டு பஸ் டிக்கெட், ஒரு மிட்டாய்க் காகிதம். அப்புறம் சைஸ் ஸ்டிக்கர் உரித்த தாளை நாலாக மடித்து ஒரு கடிதம். "லேடீஸ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. போட்டுத் தரவும். இப்படிக்கு, செக்கிங் பெண்கள்." கீழே தேதி. பத்து மாசத்துக்கு முந்தைய தேதி.

அந்தப் பத்து மாசமும் அவர்கள் ஜோடி ஜோடியாகத்தான் எழுந்து போவார்கள். "அங்க என்ன கதை? பீஸ் யாரு பாக்கறது?" என்று நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறாள்.

தாழ்ப்பாளும் ஸ்க்ரூவும் சேர்த்து அறுபது ரூபாய். மெஷின் மெக்கானிக் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டார். முதலாளியிடம் பில்கூட நீட்டவில்லை, வெட்கமாக இருந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. செக்கிங் டேபிளில் வயதான ஒரு அம்மா மட்டும் தலையைத் தூக்காமல், "பெட்டியத் தொறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு வரி இன்னும் காதில் கிடக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

வைகைக்கரை
மதுரையில் ஜவுளிக்கடை, சேலை செக்‌ஷன். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று 2021-ல் பேச்சு வந்த புதிதில் எங்கள் முதலாளி மாடிக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். நல்ல மனசு. ஒரே வாரத்தில் எல்லா ஸ்டூலிலும் சேலைக் கட்டு ஏறிவிட்டது. உட்கார்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் படிக்கட்டுப் பக்கம் நின்று பார்ப்பார். வாய் திறக்க மாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். யார் உட்காருவார்கள்?

ஒரு நாள் மத்தியானம் முதலாளியின் அம்மா வந்தார். முட்டி வலி. கட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ ஏன்டி நிக்கிற? உக்காரு." என் கண் தானாக மேனேஜர் பக்கம் போனது. கிழவி அதைப் பிடித்துவிட்டார். "அவன் என்ன சொல்லுவான்? டேய், நீயும் ஒண்ண இழுத்துப் போட்டு உக்காருடா."

உட்கார்ந்தார்! வேட்டி சட்டையில் விறைப்பாக, இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி. அந்த நேரம் பார்த்து ஏறி வந்த ஒரு கஸ்டமர், சேலையை யாரிடம் கேட்பது என்று முழித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து உட்காருகிறோம். ஆடித் தள்ளுபடி மாசம் மட்டும் கட்டு மறுபடி ஏறிவிடும்.

நோட்டீஸ்போர்டு
வைகைக்கரை, கோபித்துக்கொள்ள வேண்டாம். "நல்ல மனசு" எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டின் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்க்க 2021 செப்டம்பரில் மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அதனால் வந்த ஸ்டூல் அது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-ல் வந்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் "பெண்கூட்டு" என்று அமைப்பு வைத்து வருஷக்கணக்காகப் போராடினார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வள்ளல் பட்டம் வாங்கிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது.

என் கதை சின்னது. பிரிண்டிங் பிரஸ். மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும், எங்களுக்கு 15 தாண்டும். "நம்ம பசங்க சந்தோஷமா இருக்கணும்" என்று ஓனர் ஒரு கேரம் போர்டு வாங்கி வைத்தார். ஒரு சாயங்காலம் நான் சிவப்புக் காய்க்குக் குறி வைத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டு ஓனரிடமிருந்து போன். போர்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஓனர் பவுடரைத் தட்டிக்கொண்டே, "எடுப்பா, முக்கியமான காலா இருக்கப் போகுது" என்றார்.

வைகைக்கரை
சட்டம் எனக்கும் தெரியும் அண்ணே. சட்டம் வந்து ஸ்டூல் வந்தது, சரி. சட்டமா அந்தக் கட்டை இறக்கி வைத்தது?

ஓய்வுபெற்ற_ஹெச்ஆர்
முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். ஓசூரில் எங்கள் கேன்டீனில் ஆபீசர்களுக்குத் தனி மேஜை இருந்தது. எடுத்தோம். முதல் நாள் யாரும் பேசவில்லை, மூன்றாம் நாள் ஊறுகாய் கைமாறியது. அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பனியன்_ஊர், பெட்டியை வெள்ளிக்கிழமைதோறும் எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும், சாவி தொழிலாளி ஒருவரிடம் இருக்க வேண்டும். பதிலைப் போர்டில் எழுதுங்கள், "முடியாது" என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள், அதற்குச் செலோடேப் செலவுதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பில் வேலை சொல்லாதீர்கள். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அதில் யார் யார் என்று பெயரெழுதி ஒட்டியிருக்கிறீர்களா? புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் பாத்ரூம் எங்கே, டீ எங்கே என்று காட்ட ஓர் ஆளைப் போடுங்கள். பர்த்டே கேக் வெட்டுங்கள், மாசக் கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக், செலவு மிச்சம். இன்னும் இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

சரவணம்பட்டி_சிக்னல்
சார், யாரும் கேட்கவில்லையே! ஆனால் கேக் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோவையில் பதினாலு பேர் உள்ள ஐடி கம்பெனி. நீங்கள் சொன்ன அதே மாசக் கடைசிக் கேக். வெட்டுவது ஹவுஸ்கீப்பிங் அக்கா. கணக்காகப் பதினாலு துண்டு. மெழுகுவத்தியைக்கூடக் கழுவித் துடைத்து அடுத்த மாசத்துக்கு டிராயரில் வைப்பார். காண்டிராக்ட் ஆள் என்பதால் பிறந்தநாள் லிஸ்டில் அவர் பெயர் கிடையாது. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. தேதி கேட்டேன். சிரித்தார். "ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரு போட்டது ஜூன் ஒண்ணு தம்பி. எங்கூர்ல பாதிப் பேருக்கு அதுதான்."

சரி என்று ஜூன் மாசக் கேக்கில் அவர் பெயரும் எழுத வைத்தோம். எல்லோரும் கைதட்டினோம். அவர் கத்தியை வாங்கி, கிரீமில் இருந்த தன் பெயர் மேலேயே வெட்டினார். பதினாலு துண்டு. தட்டை ஏந்தி ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே வந்து, கடைசி ஆளுக்குக் கொடுத்துவிட்டு, காலித் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். என் துண்டில் நான் அதற்குள் பாதி தின்றிருந்தேன்.

நோட்டீஸ்போர்டு
பனியன்_ஊர், அந்தத் தாழ்ப்பாள் இப்போது இருக்கிறதா?

பனியன்_ஊர்
போன மாசம் கணக்கு முடிக்கப் போயிருந்தேன். தாழ்ப்பாள் இருக்கிறதாம். கதவை மாற்றியபோது கழற்றிப் புதுக் கதவிலும் அதையே போட்டிருக்கிறார்கள். பெட்டியும் புதுசு, ஆடிட்டுக்கு வாங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டேன். ஆபீஸ் பையன், "தேடிப் பாத்துச் சொல்றேனுங்க" என்றான்.